எட்டாம் மேஜையில் பிறந்தநாள்

வந்தவர் உட்கார்ந்ததும் முதல் வேலையாகத் தட்டைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். அப்புறம் ஸ்பூனைக் கையில் தூக்கிக் கனம் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

தூண் மறைவில் நின்ற சப்ளையர் குப்புசாமி ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். இவரேதான், சந்தேகமே இல்லை!

நேற்று முதலாளி கேசவமூர்த்தி கூப்பிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "நாளைக்கு மத்தியானம் பெங்களூர்ல இருந்து ஒருத்தர் வர்றார். அவர் மனசு வெச்சா நான் தப்பிச்சேன், குப்புசாமி. குறை வைக்காம கவனிச்சுக்கோ."

யார் எவர் என்று முதலாளி சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன? ஹோட்டல் ஹோட்டலாகப் போய், தான் யாரென்று காட்டிக்கொள்ளாமல் சாப்பிட்டுப் பார்த்து, பத்திரிகையில் ஸ்டார் போடுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களில் ஒருத்தர்தான் என்று சமையல்காரன் கெம்பையன் அடித்துச் சொல்லிவிட்டான்.

ஒரு காலத்தில் மைசூரில் நிச்சயதார்த்தமா, அறுபதாம் கல்யாணமா, கம்பெனி விருந்தா, எல்லாம் இங்கேதான். தசரா சமயத்தில் பெரிய மனுஷர்களே மேஜைக்காக வாசலில் காத்து நின்றிருக்கிறார்கள். இப்போது முப்பது மேஜையில் இரண்டு நிறைந்தால் அதிகம்.

இருபத்திரண்டு வருஷமாக இங்கேயே பரிமாறும் குப்புசாமிக்கு ஐம்பத்து நாலு வயசு. மூன்று இடத்தில் வேலை கேட்டுப் பார்த்துவிட்டான். "முழங்கால் வலி இல்லாத ஆளாப் பார்க்கிறோம்" என்று ஒருத்தன் மூஞ்சிக்கு நேராகவே சொல்லி அனுப்பினான். இந்த இடமும் போனால் நடுத்தெருதான். அந்தப் பயத்தில் பத்து நாளாக அவனுக்குத் தூக்கமே கிடையாது.

அதனால்தான் யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்திருந்தான். காலிக் கூடத்தைப் பார்த்து எவன் ஸ்டார் போடுவான்? ஹனூரிலிருந்து மச்சான் ஜடையன் குடும்பத்தை முதல் பஸ்ஸிலேயே வரவழைத்து, தன் பெண்டாட்டி மாதேவியோடு எட்டாம் மேஜையில் உட்கார வைத்துவிட்டான். எல்லாரும் பட்டும் மடிப்புக் கலையாத சட்டையுமாக, மாதேவிக்குப் பிறந்தநாள் விழா! கேக் குப்புசாமியின் கைக்காசு.

"ஏனுங்க, எனக்குப் பொறந்த தேதியே தெரியாதே?" என்று காலையில் அவள் தயங்கினாள்.

"இன்னைக்குத்தான்னு வெச்சுக்க. யாரு வந்து கேக்கப் போறா?"

இத்தனை வருஷத்தில் மாதேவி இந்த ஹோட்டலுக்குள் கால் வைத்ததில்லை. எங்கே அழுக்காகிவிடுமோ என்று உயரமான நாற்காலியின் நுனியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தாள். குப்புசாமி தெரியாதவன் மாதிரி அவளைத் தாண்டிப் போய் வந்தவரின் முன்னால் குனிந்தான்.

"சார், என்ன கொண்டாரட்டுங்க? இன்னைக்கு ஸ்பெஷலா..."

"ஒரு தயிர் சாதம் போதும்பா."

அடுக்களைக்கு ஓடி ஆர்டரைச் சொன்னான். "பெரிய கில்லாடிங்கறேன்! தயிர் சாதத்துலயே நம்ம வண்டவாளத்தப் பார்த்துரப் போறாரு!" என்று கெம்பையன் மாதுளை முத்தும் திராட்சையும் தூவி அனுப்பினான்.

வந்தவர் நாலே வாயில் முடித்துவிட்டார். கண் தட்டிலேயே இல்லை. கூரை விளக்கைப் பார்த்தார், ஜன்னல் திரையைப் பார்த்தார், திரும்பத் திரும்ப எட்டாம் மேஜையைப் பார்த்தார்.

இதுதான் நேரமென்று குப்புசாமி கண் காட்டினான். மிச்சமிருந்த மூன்று சப்ளையர்களும் ஓடிவந்து கைதட்டிப் பாட, மாதேவி மெழுகுவர்த்தியை ஊதினாள். நாற்பத்தெட்டு வயசில் முதல் பிறந்தநாள். பாவம், அவளுக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

"அந்த மேஜையும் தேக்குதானா?" என்று கேட்டார் வந்தவர்.

"அசல் தேக்குங்க! இங்க எல்லாமே தேக்குதான். இத்தன வருஷத்துல ஒரு கால் ஆடுனதில்லைங்க."

அவர் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. நோட்டில் மளமளவென்று எழுதினார். "நல்லா வெச்சிருக்கீங்கப்பா. நான் நினைச்சு வந்ததுக்கு மேலயே இருக்கு."

அப்பாடா! முழங்கால் கிடக்கட்டும், மாதேஸ்வரன் மலைக்கு நடந்தே வருகிறேன் சாமி என்று குப்புசாமி அங்கேயே வேண்டிக்கொண்டான். அதோடு நிற்காமல் ஒரு துணிச்சலும் வந்துவிட்டது.

"சார், தப்பா நினைக்கக் கூடாதுங்க. எங்களுக்கு எத்தன ஸ்டார் போட்டிருக்கீங்க?"

"ஸ்டாரா?" அவருக்கு ஒன்றுமே விளங்கவில்லை. "உங்க முதலாளி ஒண்ணும் சொல்லலையா?"

எட்டாம் மேஜையில் மாதேவி நாடகத்தையே மறந்துவிட்டாள். முதல் துண்டு கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "வாங்க" என்று குப்புசாமியைச் சைகையால் கூப்பிட்டாள். இப்போதுதான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

வந்தவர் அந்த நாற்காலியைப் பேனாவால் காட்டினார்.

"மூடுற ஹோட்டல்ல பழைய சாமான் எடுக்கிறவன்பா நான். அந்தம்மாவைக் கொஞ்சம் எந்திரிக்கச் சொல்லு."