காலி கேலரி

பழுதான கார்களை இழுத்துப்போகும் மீட்பு வண்டி ஓட்டும் வைடோடஸ். பூண்டு தேய்த்து வறுத்த கருப்பு ரொட்டியோடு வரும் டங்குவோலே. அணியில் ஆடும் இரட்டையரின் தாத்தா ப்ரோனியுஸ். இன்னும் எட்டுப் பெற்றோர்கள்.

போன சனிக்கிழமை கேலரியில் இருந்தவர்கள் என்று நான் எழுதிக் கொடுத்த பட்டியல் அது. மொத்தம் பதினொரு பேர்.

லீக் எனக்குக் கொடுத்திருக்கும் வேலை அவ்வளவுதான். கழுத்தில் அட்டை, மடியில் படிவம். சிறுமிகள் கூடைப்பந்து ஆடும்போது நான் ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது. ஆட்டம் பார்க்கிறவர்களைப் பார்க்க வேண்டும். நடுவரைத் திட்டுகிறவர் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். நடுவர் தேர்வில் இரண்டு முறை தோற்று, பயிற்சியைப் பாதியில் விட்டவனுக்கு இதுதான் கிடைத்தது. மற்ற நாட்களில் பால் தொழிற்சாலையில் இரவு வேலை.

அன்று நடுவர் ஸ்கைஸ்தே. பதினேழு வயது. அவளுக்கு அது மூன்றாவது ஆட்டம். தொடங்குவதற்கு முன் வந்து கைகுலுக்கினாள். இருந்த தூக்கக் கலக்கத்தில் நான் பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு சிறுமி பந்தைத் தட்டாமல் மூன்று அடி வைத்தாள்; விதிப்படி தவறு. ஸ்கைஸ்தே விசில் ஊதவில்லை. கூடைப்பந்து என்றால் உயிரை விடும் எங்கள் லிதுவேனியாவில் அதைக் கவனிக்காத ஆள் கிடையாது.

"கண்ணு அவிஞ்சு போச்சாடி? விசில வச்சிட்டு வீட்டுக்குப் போ."

ஆண் குரல். அவள் திரும்பிக் கேலரி முழுவதும் பார்த்தாள். பிறகு, உதவி கேட்பதுபோல, என் அட்டையைப் பார்த்தாள்.

மீதி ஆட்டத்தை அழுதுகொண்டே நடத்தினாள்.

முகம் தெரியாது, குரலைக் கேட்டால் சொல்லிவிடுவேன் என்று லீக்கில் சொல்லியிருக்கிறாள்.

படிவத்தில் 'கத்தியவர் பெயர்' என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினேன். பெயர் இல்லாவிட்டால் தண்டனை எல்லோருக்கும். அடுத்த ஆட்டம் பார்வையாளர் யாரும் இல்லாமல், பூட்டிய அரங்கில்.

அதனால் இன்று பதினொரு பேரும் வாசலில், பனியில் நின்றார்கள். பத்துப் பேர் ஒரு பக்கம். வைடோடஸ் தனியாக. அவர் மகள் லியெபா இன்றுதான் முதல் ஐவரில் ஒருத்தியாக இறங்குகிறாள்.

"உன் வண்டி ஹாரனே உன் குரல்கிட்ட தோத்துடும். நீ இல்லாம வேற யாருடா?" என்றார் ப்ரோனியுஸ்.

வைடோடஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் கத்துற ஆளுதான்ப்பா, இல்லங்கல. ஆனா அன்னைக்கு நான் இல்ல. அந்தப் பொண்ண ஒரு நிமிஷம் வாசலுக்கு வரச் சொல்லு. என் குரலக் கேட்டுட்டுச் சொல்லட்டும். லியெபா ஆடுறத நான் பாக்கணும்ப்பா."

தலையாட்டினேன்.

காவலாளி கதவை ஒரு ஆள் அகலத்துக்குத் திறந்து என்னை மட்டும் உள்ளே விட்டார். ஸ்கைஸ்தே அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"இன்னைக்கு யாரும் கத்த மாட்டாங்கல்ல சார்?"

அதற்கும் தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்தால் அவளுக்குக் குரல் தெரிந்துவிடும்.

எனக்குப் பின்னால் காவலாளி கதவைச் சாத்தி, சாவியை இரண்டு முறை திருப்பினார்.