நாக்கின் சாட்சி

டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலில் கிடைத்த கையெழுத்து வேதாகமம் ஆயிரம் வருஷத்துப் பழசு என்றார் சாமியார். "தேயிலைச் சாயத்துல முக்கி எடுத்த போலிங்க," என்றார் மத்தியாஸ் வாத்தியார். சண்டையில் மூன்று ஞாயிறாகப் பூசையே நடக்கவில்லை.

கடைசியில், தேயிலையை ருசி பார்த்தே தலை நரைத்த ஃபெக்டரி டீமேக்கர் இக்னேசியஸைக் கூப்பிட்டார்கள். அவர் ஏட்டின் ஓரத்தை நக்கினார். மூடிய கண்ணை வெகுநேரம் திறக்கவில்லை. ருசி பார்க்கும் பழக்கதோஷத்தில் துப்பிவிட்டு, அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"தேயிலை இல்லீங்க. அசல் பழசுதான்."

வாத்தியார் முழங்காலிட்டார். கோயில் மணி அடித்தது.

வீட்டில் மனைவி றோசலின் கேட்டாள்: "நெசமாவே ஆயிரம் வருஷமாங்க?"

"போன மாசத்துச் சரக்கு. கப்பலுக்குன்னு நம்ம ஃபெக்டரியில பூட்டி வச்ச தேயிலை."

"அதைச் சொல்றதுக்கென்ன?"

"ஸ்டோர் சாவி என் இடுப்புலல்ல இருக்கு."