பதின்மூவாயிரம் கிலோமீட்டரும் இருபது அடியும்

சென்னையில் ஏறி டொராண்டோவில் இறங்கியதிலிருந்து நீலப் பெட்டிக்குத் தலைகால் புரியவில்லை. விமான நிலையத்தில் பெட்டிகள் வரும் பெல்ட்டில் சுற்றிக்கொண்டே பக்கத்து அட்டைப்பெட்டியிடம் அளந்தது: "பதின்மூவாயிரம் கிலோமீட்டர்! இருபத்திரண்டே மணி நேரம்! தெரியுமா உனக்கு?"

"நானும் அதே விமானத்துலதானே அண்ணே வந்தேன்," என்றது அட்டைப்பெட்டி. "ஆமா, அடையாளத்துக்குன்னு நம்ம வேதமுத்து ஐயா ரெண்டு பேருக்கும் மஞ்சள் சேலைத்துண்டு கட்டினாரே, உங்க கைப்பிடியில இருந்தது எங்கே?"

"அந்தக் கந்தலா? மானம் போகுதுன்னு ஏறும்போதே உதறிட்டேன்."

அதற்குள் வேதமுத்து வந்துவிட்டார். மஞ்சள் துண்டைக் கண்டதும் அட்டைப்பெட்டியைக் குழந்தைபோல் தூக்கிக்கொண்டார். நீலப் பெட்டி அவர் முழங்காலை உரசாத குறையாக ஏழு முறை போனது. "ஐயா, நான்தான்!" என்று கத்தியும் பார்த்தது. அவர் கண்ணோ இன்னொரு மஞ்சளையே தேடியது. பெட்டியில் ஒட்டியிருந்த பெயரைப் படிக்க அவருக்குக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி நீலப் பெட்டிக்குள் இருந்தது. கடைசியில், பெட்டி தொலைந்ததென்று எழுதிக் கொடுத்துவிட்டு அவர் வாசலைப் பார்த்து நடந்தார்.

மூன்றாம் நாள், புதிதாக வந்து விழுந்த பச்சைப் பை ஒன்று மரியாதையாகக் கேட்டது: "எங்கேண்ணே போறீங்க, ரொம்ப தூரமா?"

"இருபது அடிதான் தம்பி," என்றது நீலப் பெட்டி, வாசலைப் பார்த்தபடி. "மூணு நாளாப் போய்க்கிட்டிருக்கேன்."