திரை மூலையில் ஒரு வரி

சுவருக்கு அந்தப் பக்கம் என் ஓரகத்தி டைப் அடிக்கும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தகரத்தில் மழை பிடித்த மாதிரி, விடாமல். என் விரல்களோ குழாய் ஒழுகுவதுபோல் சொட்டும்.

"சித்தி மாதிரி வேகமா அடிம்மா" என்பான் என் மகன். வயிறு எரியும்.

ஒரு பதிப்பகம், வீட்டிலிருந்தே பிழை திருத்த ஆள் கேட்டது. காசு கொடுத்து வாங்கிய அசல் சாஃப்ட்வேர், அதாவது லைசென்ஸ், உள்ள கம்ப்யூட்டர் கட்டாயம். இருவரும் எழுதிப் போட்டோம். வேலை எனக்குக் கிடைத்தது. மூன்று நாள் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஓரகத்தியின் கம்ப்யூட்டர் திரை மூலையில், லைசென்ஸ் இல்லை என்று மங்கலாக ஒரு வரி கிடக்கும்.

"திருட்டுச் சரக்கை வெச்சுக்கிட்டு வேலை கேட்டா எவன் குடுப்பான்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அதானேக்கா" என்று சிரித்தாள்.

இரண்டு வருஷம் கழித்து என் கம்ப்யூட்டரின் மதர்போர்டு போய்விட்டது. ரிப்பேர்காரர் வேறு போர்டு மாட்டினார். திறந்தால், என் திரை மூலையிலும் அதே வரி!

"ஐயோ, சாயங்காலம் பக்கம் அனுப்பணுங்க! இதோட போனா அவங்க சைட் உள்ளயே விடாது."

"பதறாதீங்கம்மா. போர்டு மாறினதால, இது வேற மெஷின்னு நினைச்சுக்குது. லைசென்ஸ் யார் அக்கவுண்டுல இருக்கோ, அவங்க பாஸ்வேர்டு போட்டா மாத்திடலாம்."

"செகண்ட்ஹேண்டா வாங்கினப்பவே உள்ள இருந்ததுங்க."

"இல்லையே, யாரோ லேடீஸ் பேர் காட்டுதே?"

எட்டிப் பார்த்தேன். ஓரகத்தியின் பெயர்.

சுவரைத் தட்டினேன். அந்தப் பக்கத்துத் தகர மழை நின்றது. வந்தாள், அதே வேகத்தில் பாஸ்வேர்டை அடித்தாள். வரி மறைந்தது.

"உங்க மெஷின்லேருந்து எடுத்து இதுக்குப் போட்டிருக்கீங்களா?" என்றார் ரிப்பேர்காரர். "ஒரு லைசென்ஸ் ஒரு மெஷினுக்குத்தானேம்மா. உங்களுக்கு வேணாமா?"

"அந்த வேலைக்கு எழுதிப் போட்டப்போ, அக்கா வீட்டுல யாருக்கும் வேலை இல்லீங்க" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "அக்கா, மணியாச்சு. பக்கத்தை அனுப்புங்க."

கண் மங்கும்வரை நான் அந்த வேலையைப் பார்த்தேன். அவள் கடைசிவரை தெருமுனை ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்தாள்.