ஸ்டீலா, பிளாஸ்டிக்கா?

"ஸ்டீல்தான் லேசு சார். கையில பிடிச்சாலே தெரியுதே!"

கடைக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. சைக்கிள் கடை வைத்த இருபத்திரண்டு வருஷத்தில், ஸ்டீல் தண்ணீர் பாட்டிலை லேசு என்று சொன்ன முதல் ஆள் இந்த அம்மாதான். ஐம்பது வயது இருக்கும். ஒரு கையில் ஸ்டீல் பாட்டில், மறு கையில் பிளாஸ்டிக் பாட்டில் என்று தராசு மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

கூட வந்த கணவரோ வாசல் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து, வலது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, உங்க சைக்கிளுக்கு இதையே வாங்கிடலாமா?"

பதில் இல்லை.

"உங்களைத்தாங்க கேட்கிறேன்."

ஊஹூம். கடைக்காரருக்கு விஷயம் விளங்கிவிட்டது. வீட்டில் சண்டை! இந்த விவகாரத்தில் அவர் கரைகண்டவர். பீரோ சாவி தொலைந்ததற்காகப் பெண்டாட்டியோடு ஒன்பது நாள் பேசாமல் இருந்து, பத்தாம் நாள் தன் சட்டைப் பையிலேயே சாவியைக் கண்டெடுத்து அசடு வழிந்தவர். இந்த அம்மா வலியப் போய்ப் பேசுகிறார். ஒரே ஒரு வார்த்தை பதில் சொன்னால் அந்த மனுஷருக்கு என்ன குறைந்துவிடும்? கடையை விட்டுப் போவதற்குள் அந்த ஒரு வார்த்தையை எப்படியாவது வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

"சார், ஓட்டறவர் நீங்க. நீங்களே சொல்லுங்க. ஸ்டீலா, பிளாஸ்டிக்கா?"

கணவர் நிமிர்ந்து பார்த்தார். உதடு லேசாக அசைந்தது. மறுபடி முகத்தைத் தெருவுக்குத் திருப்பிக்கொண்டார். அடேயப்பா, என்ன அழுத்தம்!

"அவரை ஏன் கேட்கறீங்க? எனக்கே எல்லாம் தெரியும்" என்று அந்த அம்மா குரலை உயர்த்தினார். "சைக்கிள்ல பாட்டில் ஸ்டாண்டுல மாட்டினா ஸ்டீல் பாட்டில் ஆடவே ஆடாது. சத்தமே வராது."

"இல்லைம்மா, மேடு பள்ளத்துல கடகடன்னு..."

"நீங்க சும்மா இருங்க சார்!"

கடைக்காரர் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். உள்ளதைச் சொன்னால், ஒரு டஜன் ஸ்டீல் பாட்டில் இரண்டு வருஷமாக அலமாரியில் தூசி தின்றுகொண்டிருந்தது. தானாக வரும் வியாபாரத்தைக் கெடுப்பானேன்? இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

"தாகம் எடுத்தா என்ன?" அந்த அம்மா விடுவதாக இல்லை. "ஹேண்டில்பாரை விட்டுட்டு, ரெண்டு கையாலயும் மூடியைத் திருகித் திறந்து, ஆற அமரக் குடிக்கலாம். ஒரு கையால அமுக்கிப் பீச்சிக்கிற தலையெழுத்து எதுக்கு?"

கணவரின் இடது கை முழங்காலை இறுகப் பிடித்தது. கழுத்து மெல்லத் திரும்பியது.

"அது மட்டுமா? சைக்கிள்ல எடை கூடக் கூட மேடு ஏறுறது சுலபம். அதுக்கும் ஸ்டீல்தான்..."

"ம... மக்கு!"

கணவர் எழுந்து நின்றுவிட்டார். முகம் சிவந்து, கோபத்தில் நாக்குக் குழற, ஒவ்வொரு வார்த்தையாகக் கடித்துத் துப்பினார்.

"கனம்... கனம் அது! மேட்டுல... உயிர் போகும். கையை விட்டா... விழுவே. பல்லு... போகும். ஆடும். கட... கடன்னு ஆடும். பெயின்ட் போகும். இத்தனை வருஷம்... என்ன கத்துக்கிட்டே? மக்கு! மக்கு!"

காற்றடிக்க வந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். கணவர் மெதுவாக நடந்து வெளியே போய், வரிசையாக நின்ற சைக்கிள்களுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அந்த அம்மா பாட்டில்களை மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கடைக்காரருக்குப் பதறிப்போயிற்று. ஒரு வார்த்தை கேட்கப் போய், அர்ச்சனையே அல்லவா நடந்துவிட்டது!

"அழாதீங்கம்மா. நாலு பேர் முன்னாடி இப்படியா பேசறது? ஆனா அவர் சொன்னதுல தப்பில்லை. தினம் ஆபீசுக்குப் போய் வர்றவங்களுக்கு ஸ்டீல் சரி. தண்ணியில வாடை வராது, பத்து வருஷம் உழைக்கும். மலை, தூரம்னு மிதிக்கிறவங்களுக்குப் பிளாஸ்டிக்தான் தோது. நான் அதையே பில் போடறேன்."

அந்த அம்மா கையை எடுத்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தாலும் முகமெல்லாம் சிரிப்பு.

"தெரியும் சார். இருபது வருஷமா பிளாஸ்டிக் பாட்டிலோட அவர் பின்னாடியே சைக்கிள் மிதிச்சு மலை ஏறினவ நான். நீங்க ஸ்டீலையே கொடுங்க."

"இவ்வளவு திட்டு வாங்கின பிறகுமா?"

"அவருக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாசம் ஆச்சு சார். பேசிப் பேசித்தான் பேச்சு திரும்பும்னு டாக்டர் சொல்லியும், குழறுதேன்னு வெட்கப்பட்டு ஒரு வார்த்தை பேசலை. இன்னிக்குத்தான் வாயைத் திறந்திருக்கார்" என்ற அந்த அம்மா, ஸ்டீல் பாட்டிலை எடுத்து நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். "நாளைக்கும் திட்டணும்ல!"