நல்ல காலுக்கும் ஒரு படம்

உடைந்த எலும்பைக் கூட்டுவது கடவுளுக்கு அடுத்தபடியான வேலை என்று கால்நடை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சொல்லி முடித்தார்.

மேசையில் கிடந்த ஆட்டுக்குட்டி, அவருடைய வெள்ளைக் கோட்டின் பைக்குள் புழுக்கை போட்டது.

அவர் கவனிக்கவில்லை. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தார்.

முன்னங்காலின் நடுவே ஒரு விரிசல். அது எல்லோருக்கும் தெரிந்தது.

முட்டிக்குச் சற்று மேலே ஒரு கறுப்புக் கோடு. இரண்டாவது முறிவு என்றார். பொல்லாத இடம் என்றார். தகடு வைத்துத் திருகாணி போட வேண்டும், மத்தியானமே அறுத்துவிடலாம்.

பயிற்சி மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மதிப்பெண் அவர் கையில் இருந்தது.

குட்டியின் தலையைச் செவத்தியாள் பிடித்திருந்தாள். தாய் ஆடு போன பிறகு பாட்டிலில் பால் புகட்டி வளர்த்த குட்டி. பிழைக்குமா என்று கேட்டாள். விஞ்ஞானம் இருக்கிறது என்றார்.

அவளுக்கு அது போதவில்லை.

"அறுக்கிறதுக்கு முன்னால அந்த நல்ல காலையும் ஒரு படம் புடிச்சுருங்கய்யா. செத்துகித்துப் போச்சுன்னா பாக்கிறதுக்கு வேணும்ல. நீங்க புடிச்சது அம்புட்டு அழகா இருக்கு."

அவர் எடுத்த படத்தை அழகு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

எடுக்கச் சொன்னார்.

நல்ல காலின் படம் வந்தது. முட்டிக்குச் சற்று மேலே அதே கறுப்புக் கோடு.

அவர் இரண்டு படங்களையும் இடம் மாற்றிப் பார்த்தார். தலைகீழாகவும் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

முறிவு இல்லை. குட்டியின் எலும்பு நீள்கிற இடம். இன்னும் எலும்பாகாத குருத்து, படத்தில் கறுப்பாகத்தான் விழும். அங்கே தகடு அடித்திருந்தால் அந்தக் கால் அந்த அளவோடு நின்றிருக்கும். மற்ற மூன்றும் வளர்ந்திருக்கும்.

அறுவை வேண்டாம் என்றார், இரவெல்லாம் யோசித்து எடுத்த முடிவைப் போல.

நடுவிலிருந்த விரிசலுக்குப் பஞ்சு சுற்றி மாவுக்கட்டு போட்டார். இளசு, சீக்கிரம் கூடிவிடும். வளர்கிற கால் என்பதால் கட்டு இறுகும், அடிக்கடி கொண்டுவந்து மாற்றிக்கொள்ள வேண்டும். சொல்லிக்கொண்டே கட்டினார். கட்டு நன்றாகவே வந்தது.

குட்டியைக் கீழே இறக்கினார்கள். கட்டுப்போட்ட காலை ஒருமுறை உதறியது. பிறகு ஊன்றியது.

ஊன்றிய கையோடு செவத்தியாளின் முந்தானையைத் தின்னத் தொடங்கியது.

அவள் அவரைப் பார்த்துக் கைகூப்பினாள். மாணவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

அந்தக் கறுப்புக் கோட்டைப் பற்றி எழுதித்தான் அவர் முனைவர் பட்டம் வாங்கியிருந்தார்.