ஊர் எல்லையில் நின்ற வேன்

கோடை விடுமுறைக்கு மாசிலாமணி, மனைவி பிள்ளைகள், சித்தப்பா சித்தி என்று குடும்பம் மொத்தத்தையும் வேனில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டான். வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்ட தங்கை பூங்கோதையை இந்த முறைதான் கூப்பிட்டிருந்தான். "முதல்ல நீ மட்டும் போயிட்டு வா" என்று அவள் கணவன் அனுப்பிவைத்தான். வழியெல்லாம் அவள் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டே வந்தாள்.

ஊர் எல்லையில், வீட்டிலிருந்து பெரியப்பாவின் போன் வந்தது. பேசி முடித்த மாசிலாமணி வண்டியை ஓரங்கட்டச் சொன்னான்.

"இந்த பஸ் ஸ்டாப்புல செத்த நேரம் இரு தாயி. இவங்கள வீட்டுல விட்டுட்டு, பெரியப்பாட்ட பேசிட்டு வாரேன்" என்றான், தங்கையின் முகத்தைப் பார்க்காமல்.

"எப்பண்ணே வருவ?"

அவன் போனைச் சட்டைப்பையில் போட்டான். பூங்கோதை பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவள் பின்னாலேயே மாசிலாமணியின் மனைவி செண்பகமும் இறங்கினாள்.

"நீ எங்க போற?"

"அவ தனியா நிக்கவா? நீங்க போயிப் பேசிட்டு வாங்க."

அம்மாவைப் பார்த்துப் பிள்ளைகள் இறங்கினார்கள். சித்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகியபடி இறங்கினாள். அவளுக்குக் கைகொடுத்த சித்தப்பா மறுபடி ஏறவில்லை. வெயிலில் எல்லோரும் பூங்கோதையோடு நின்றார்கள்.

மாசிலாமணி காலி இருக்கைகளைத் திரும்பிப் பார்த்தான். டிரைவர் இன்ஜினை அணைக்காமல் கேட்டார்.

"சார், ஊருக்குள்ள விடவா, திருப்பவா?"